ஆல்பர்ட் அய்லர்: பழைய மெட்டும் புதிய அலறலும்

ஃப்ரீ ஜாஸ் இசையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'மரபை உடைத்தல்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறார்கள். ஆல்பர்ட் அய்லரைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. டெனர் சாக்ஸபோனில் அவர் எழுப்பிய ஒலியை அன்று பலரும் வெறும் கூச்சல் என்றே ஒதுக்கினர். முதன்முறை கேட்டபோது எனக்கும் பத்து நிமிடம் தாங்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சல் எங்கிருந்து கிளம்புகிறது என்று செவிகொடுத்தால், தேவாலயப் பாடலும் ராணுவ அணிவகுப்பு மெட்டும் கேட்கும். இரண்டுமே ஜாஸைவிடப் பழையவை.

1936இல் ஒஹாயோ மாநிலத்துக் க்ளீவ்லாந்தில் பிறந்த அய்லர், தந்தையிடம் ஆல்ட்டோ சாக்ஸபோன் கற்று, அவரோடு தேவாலயத்தில் வாசித்தார். பதின்வயதில் லிட்டில் வால்ட்டரின் ப்ளூஸ் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். 1958இல் ராணுவத்தில் சேர்ந்தார்; அங்கும் வாத்தியக் குழுதான். டெனருக்கு மாறியது அக்காலத்தில்.

1964 ஜூலை 10 அன்று நியூயார்க்கில் பதிவான 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' அரைமணி நேரத்துக்கும் குறைவானது. பாஸ் வாசித்தவர் கேரி பீகாக். டிரம்ஸ் சன்னி மர்ரி. அதில் 'கோஸ்ட்ஸ்' இருமுறை இடம்பெறுகிறது. சிறு குழந்தையும் முணுமுணுக்கக்கூடிய மெட்டு அது. அதை அய்லர் பெரும் அதிர்வோடு, ஏறக்குறைய அழுகையாக வாசிக்கிறார். பிறகு மெட்டு சிதறுகிறது. சுரங்கள் கரைந்து தொண்டைக்குரலாகின்றன. மர்ரி தாளத்தை எண்ணிக் காட்டுவதில்லை. சிம்பல்களின் இடையறாத சலசலப்பு மட்டுமே. எல்லாம் சிதறிய பின் அதே எளிய மெட்டு திரும்பி வருகிறது. அந்தத் திரும்புதலுக்காகவே இத்தட்டை மீண்டும் மீண்டும் கேட்கிறேன்.

காசு வரவில்லை. ஜான் கோல்ட்ரேனின் ஆதரவால் இம்பல்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. 1967 ஜூலையில் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில் அய்லர் வாசித்தார். உடன் டிரம்பெட் வாசித்தவர் தம்பி டொனால்ட். விரைவிலேயே டொனால்டின் மனநிலை குலைந்தது. தம்பியைக் குழுவிலிருந்து விலக்க நேர்ந்தது அய்லரை வெகுவாக வருத்தியது.

1968இல் பதிவான 'நியூ கிராஸ்' இசைத்தட்டில் ராக், ஸோல் இசையின் பக்கம் சாய்ந்தார். ரசிகர்கள் துரோகம் என்றனர். ப்ளூஸ் குழுவில் தொடங்கியவருக்கு அது துரோகமா என்ன? ஆனால் தட்டு பலவீனமானது என்பதையும் மறுக்க முடியாது.

1970 ஜூலையில் தெற்குப் பிரான்சின் மேக்ட் கலைக்கூடத்தில் அவருக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. நவம்பர் தொடக்கத்தில் காணாமற்போனார். 25ஆம் தேதி நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் அவரது உடல் கிடைத்தது. வயது 34. கொலை என்றும் தற்கொலை என்றும் கதைகள் பல உலவின. டொனால்ட் 2007வரை வாழ்ந்தார்.