மண வற்புறுத்தல் (இங்கிலாந்துச் சட்டம்)

கணவன் உடனிருக்கும்போது மனைவி ஒரு குற்றத்தைச் செய்தால், அவனது வற்புறுத்தலால்தான் செய்தாள் என்று நீதிமன்றம் கொள்வதே மண வற்புறுத்தல் அனுமானம் ஆகும். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்த இவ்விதி, அரச துரோகத்துக்கும் கொலைக்கும் பொருந்தாது.

இது பெண்கள்மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் பிறந்ததன்று. எழுத்தறிந்த ஆண்கள் 'குருமார் சலுகை' என்பதைக் கோரித் தூக்குத் தண்டனையிலிருந்து தப்ப முடிந்தது. பெண்களுக்கு அச்சலுகை இல்லை. இருவரும் சேர்ந்து திருடினால் கணவன் கட்டைவிரலில் சூடு பட்டு வீடு திரும்புவான். மனைவி தூக்கில் தொங்குவாள். இந்த அநீதியைச் சரிக்கட்டவே அனுமானம் நீடித்தது எனச் சட்ட அறிஞர் பலர் கருதினர். 1692இல் பெண்களுக்கும் சலுகை முழுமையாகக் கிடைத்தது. காரணம் மறைந்தும் விதி மட்டும் மறையவில்லை.

சார்லஸ் டிக்கன்சின் 'ஆலிவர் டுவிஸ்ட்' புதினத்தில், மனைவிக்கு அஞ்சி நடுங்கும் பம்பிள், இந்த அனுமானத்தைக் கேட்டதும் சட்டத்தையே கழுதை என்று ஏசுகிறார். சட்ட வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் கேலி இது.

1922இல் பீல் என்னும் படைத் தலைவரும் அவர் மனைவியும் குதிரைப் பந்தய மோசடிக்காக நிறுத்தப்பட்டனர். அனுமானத்தின் துணையால் மனைவி விடுதலையானார். எழுந்த கண்டனத்தை அடுத்து, நீதிபதி ஏவரி தலைமையிலான குழு விதியை நீக்கப் பரிந்துரைத்தது. எனினும் 1925ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு பாதி வழிதான் சென்றது. அனுமானம் ஒழிந்தது, ஆனால் வற்புறுத்தலை மனைவியே மெய்ப்பித்தால் விடுதலை பெறலாம். சுமை கைமாறியது, அவ்வளவே. சட்டப்படி மணந்த மனைவிக்கு மட்டுமே இவ்வாதம் உரியது. கணவனுக்கோ, மணமின்றி உடன்வாழும் பெண்ணுக்கோ இல்லை. சட்ட ஆணையம் 1977இல் இதை நீக்கச் சொல்லியும் நாடாளுமன்றம் அசையவில்லை.

அசைத்தது ஒரு கார்தான். 2003இல் வேகமாக ஓட்டிய முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹ்யூனின் அபராதப் புள்ளிகளை அவர் மனைவி விக்கி பிரைஸ் தம்மேல் ஏற்றுக்கொண்டார். 2013 வழக்கில் அவர் மண வற்புறுத்தலை முன்வைத்தார். முதல் நடுவர் குழு முடிவுக்கு வர இயலாமல் கலைக்கப்பட்டது. இரண்டாவது குழு அவரைக் குற்றவாளி என்றது. இருவருக்கும் தலா 8 மாதச் சிறை. மறு ஆண்டே, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 177ஆம் பிரிவு இவ்வாதத்தை ஒழித்தது.

ஒழித்தது முழு நன்மையா என்பது ஐயமே. எஞ்சியுள்ள அச்சுறுத்தல் வாதத்துக்குக் கொலை மிரட்டலோ கடுங்காய மிரட்டலோ வேண்டும். அடிக்காமலே ஆண்டுக்கணக்கில் மனைவியை அடக்கி ஆளும் கணவன் அதற்குள் வரமாட்டான். அத்தகைய அடக்குமுறையைத் தனிக் குற்றமாக்கிய சட்டம் 2015இல், அதாவது இவ்வாதம் நீங்கிய மறு ஆண்டில், இயற்றப்பட்டது. ஆனால் அது கணவனைத் தண்டிக்கும் சட்டம். அவன் சொல்லுக்குப் பணிந்து குற்றம் செய்தவளுக்குத் தனிப் பாதுகாப்பு எதையும் அது தரவில்லை.