மாத்திரை போயிடும், தடம் போகாது

வேப்பனப்பள்ளியிலிருந்து பேசுறேன். இன்னிக்கு ஒரே கேள்விதான். ஒரு மருந்து உடம்பை விட்டுப் போனதும் அதோட வேலை முடிஞ்சிடுமா?

1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கியது. காப்புரிமை எடுக்கலை, விலையும் மலிவு. கருச்சிதைவைத் தடுக்கும்னு நம்பி அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தாங்க. 1953-லேயே சிகாகோவில் நடந்த ஒரு ஆய்வு இதனால பலனில்லைன்னு சொன்னது. ஆனாலும் விற்பனை நிக்கலை.

1962-ல் டகாசுகி, பெர்ன், டியோம் மூணு பேரும் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. பிறந்த பெண் சுண்டெலிகளுக்கு முதல் சில நாள் மட்டும் ஈஸ்ட்ரோஜன் ஊசி. வளர்ந்த பிறகு சினைப்பையையே எடுத்துட்டாலும், ஹார்மோன் இன்னும் இருக்கிற மாதிரியே யோனியின் உட்படலம் தடிச்சே இருந்தது. பிறந்த சுண்டெலிக்கு இனப்பெருக்க உறுப்புகள் முழுசா உருவாகியிருக்காது. மனுஷங்களுக்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் கருப்பையிலேயே நடக்குது. நம்ம பாஷையில் சொன்னா, இன்ஸ்டால் ஆகும்போதே செட்டிங் மாறிடுது. அப்புறம் எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் அது அப்படியேதான் இருக்கும்.

1971-ல் பாஸ்டனில் ஹெர்ப்ஸ்ட் குழு அரிய யோனிப் புற்றுநோய் வந்த 8 இளம்பெண்களை ஆராய்ந்தது. அதில் 7 பேரின் அம்மாக்கள் கர்ப்பகாலத்தில் டிஇஎஸ் எடுத்தவங்க. அந்த வருஷமே கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்னு அமெரிக்க அரசு எச்சரித்தது. 1990-ல் ரீத்தா நியூபோல்ட் குழு இதை எலியிலும் காட்டியது. பிறந்த முதல் 5 நாள் டிஇஎஸ் பெற்ற சுண்டெலிகளில் 90 சதவீதத்துக்கு, 18 மாதத்தில் கருப்பைப் புற்றுநோய்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். இங்கே பிரச்சினை வேற மருந்து. மாதவிடாய் தள்ளிப்போனா கர்ப்பமான்னு பார்க்கக் கொடுத்த, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அதிக அளவில் கலந்த 'ஈபி' மாத்திரை. குழந்தைக்குப் பிறவிக் குறை வருமோன்னு பயம். இதே மாதிரி மாத்திரை பற்றி பிரிட்டனில் இசபெல் கால் 1967-லேயே எச்சரித்திருந்தார். இந்தியாவில் 1982-ல் தடை வந்தது. கம்பெனிகள் நீதிமன்றத்தில் ஸ்டே வாங்கினாங்க. பெண்கள் அமைப்புகளும் மருத்துவர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனாங்க. மெட்ராஸ் உட்பட பெருநகரங்களில் பொது விசாரணை நடந்தது. கடைசியில் 1988-ல்தான் தடை உறுதியாச்சு.

நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் மாத்திரை கடையில் இருந்தது.

"பாதிப்புன்னு நிரூபிங்க, அப்புறம் நிறுத்துறோம்"னு யாராவது சொன்னா, டிஇஎஸ் கதையை ஞாபகம் வச்சுக்கோங்க. எலியில் விடை தெரிய ஒண்ணரை வருஷம் போதும். மனுஷங்களில் அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகிற வரைக்கும் காத்திருக்கணும். எலி முன்னாடியே சொல்றதைக் கேக்கலைன்னா, அந்த விலையைக் கொடுக்கிறது மாத்திரையே போடாத ஒருத்தர்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.