யோகா வகுப்பில் நாற்காலி எப்போது வந்தது?

போன வருஷம் அம்மா பக்கத்துப் பூங்காவில் நடந்த யோகா வகுப்புக்கு ரெண்டு நாள் போனார். மூணாம் நாள் போகவில்லை. "பத்மாசனம் போடச் சொல்றாங்கடா, என் முட்டிக்கு அதெல்லாம் ஆகுமா?" என்றார். வாசலில் 'அனைவரும் வரலாம்' என்றுதான் பலகை. அந்தப் பலகைக்கும் அம்மாவின் முட்டிக்கும் நடுவே இருக்கிற தூரத்தை இதுக்கு முன்னாடி யாராவது கடந்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். தேடல் மைசூரில் தொடங்கி லண்டனில் போய் நின்றது.

1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை தொடங்கியது. புரவலர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். மாணவர்கள் பெரும்பாலும் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிறுவர்கள். வேகமான, துள்ளிக் குதிக்கிற பயிற்சி. ரீகாவில் பிறந்த இந்திரா தேவி 1937-ல் கற்றுக்கொள்ள வந்தபோது ஆச்சாரியார் முதலில் மறுத்துவிட்டார். பெண், அதிலும் வெளிநாட்டவர். மகாராஜா சொன்ன பிறகே சம்மதித்தார். கதவு திறந்தது, ஆனால் சிபாரிசில்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்காரின் கதை. 1918-ல் பெல்லூரில் பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக அடிபட்ட உடம்பு. 1934-ல் மைசூர் வந்தபோது கை தரையைத் தொடாது. இவன் தேறமாட்டான் என்றுதான் குரு நினைத்தார். 1936-ல் வட கர்நாடகப் பயணத்தில் பெண்கள் சிலர் கற்றுக்கொள்ள ஆசைப்பட, குழுவிலேயே வயதில் சின்னவன் என்பதால் இவரைச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். அவர் ஆசிரியரானது இப்படி, தற்செயலாக! அடுத்த ஆண்டு டாக்டர் கோகலே என்ற சர்ஜனின் முயற்சியில் புனே டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாத வேலை. மராத்தி தெரியாது. மாணவர்களில் பலர் இவரைவிட மூத்தவர்கள், வலுவானவர்கள்.

வளையாத உடம்பு எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர் என்பதால்தான் செங்கல்லும் கயிறும் நாற்காலியும் அவர் வகுப்புக்குள் வந்தன என்பது என் ஊகம். விஷயம் ரொம்ப எளிது. திரிகோணாசனத்தில் கை தரைக்கு எட்டவில்லையா? கட்டையை வை, தரையே மேலே வந்துவிடும். பச்சிமோத்தானாசனத்தில் கை பாதத்துக்கு எட்டவில்லையா? பாதத்தைச் சுற்றி பெல்ட் போட்டுப் பிடி. சர்வாங்காசனத்தில் நிற்க முடியாதவர் நாற்காலியில் இடுப்பைச் சாய்த்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளலாம். எங்க தொழில் பாஷையில் சொன்னால், பயனரைத் திட்டாமல் இன்டர்ஃபேஸை மாற்றுவது. (திட்டவும் செய்வார், அது வேறு. கெடுபிடிக்கும் முதுகில் விழும் அடிக்கும் பேர்போன ஆசிரியர்.) 1979-ல் ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டபோது, அறுபது வயதில் அவரே இந்தச் சாமான்களை வைத்துத்தான் மீண்டுவந்தார்.

லண்டன் கதை வேறு மாதிரி. 1952-ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் பம்பாயில் இவரைச் சந்தித்தார். பிறகு ஐரோப்பாவுக்கு அழைத்தார். அது மேட்டுக்குடி வட்டம். சாதாரண ஜனங்களுக்கு வழி திறந்தது 1960-களின் கடைசியில், உள் லண்டன் கல்வி ஆணையம் தன் மாலை வகுப்புகளில் யோகாவைச் சேர்த்தபோதுதான். கட்டணம் குறைவு, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், வேலை முடிந்த நேரம். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: ஆசனமும் பிராணாயாமமும் மட்டும், தத்துவம் கூடாது. ஐயங்கார் ஒத்துக்கொண்டார்.

இதை 'யோகாவை ஜிம்னாஸ்டிக்ஸ் ஆக்கிவிட்டார்கள்' என்று திட்டுகிறவர்கள் உண்டு. அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். யமம், நியமம், தியானம் எல்லாம் வாசலோடு நின்றுபோனது நிஜம்தான். ஆனால் அந்த நிபந்தனை இல்லாவிட்டால் பொதுப் பணத்தில் நடக்கும் வகுப்பும் இல்லை. வேறு மதத்துக்காரரும், மதமே வேண்டாதவரும் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்தது அதனால்தான். தத்துவம் தேடியவர்களுக்கு 1966-லேயே வெளிவந்த அவருடைய 'லைட் ஆன் யோகா' இருந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அந்த மாஸ்டர்கிட்ட ஒரு நாற்காலி கேட்டுப் பாரேம்மா."

"நீயே வந்து கேளு."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வகுப்பு. போகணும்.