மருந்து தின்னும் சத்து: ஐசோநியாசிட் முதல் மெட்ஃபார்மின் வரை

நோயைத் தீர்க்க உட்கொள்ளும் மருந்தே உடலிலுள்ள ஒரு சத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பது இன்று மருத்துவ மாணவர் எவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அவ்வகை இழப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெளிச்சத்துக்கு வரவில்லை. காசநோய் மருந்தான ஐசோநியாசிட் பி6 வைட்டமினைக் குறைக்கிறது என்ற உண்மை, மருந்து புழக்கத்துக்கு வந்த சுமார் பத்தாண்டுகளுக்குள் கண்டறியப்பட்டு, அதற்கான தடுப்பு அளவும் முடிவாகிவிட்டது. நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் பி12 வைட்டமினைக் குறைக்கிறது என்பதோ, முதலில் சுட்டிக்காட்டப்பட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகே மருந்துக் கண்காணிப்பு அமைப்புகளின் அறிவுரையில் உரிய இடம் பெற்றது. இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் தீங்கின் கடுமை அல்ல. சத்திழப்பின் அறிகுறி நோயின் அறிகுறியிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடியதா, அதைப் பிரித்துப் பார்க்கும்படி யாரேனும் ஆய்வைத் திட்டமிட்டார்களா என்பதே காலத்தைத் தீர்மானித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

ஐசோநியாசிட் 1912-இல் பிராகாவில் ஹான்ஸ் மேயர், யோசெஃப் மாலி ஆகிய வேதியியலாளர்களால் தொகுக்கப்பட்டு, பயன் அறியப்படாமல் நாற்பது ஆண்டுகள் கிடந்தது. 1952-இல் அது காசநோய்க் கிருமியைக் கொல்வது தெரியவந்தபோது உலகமே கொண்டாடியது. கொண்டாட்டத்தின் நடுவிலேயே, அதிக அளவில் மருந்து உண்டவர்களின் பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றின. நுரையீரல் காசநோய் பாதத்தை எரிய வைக்காது. ஆகவே சந்தேகம் நேரே மருந்தின்மேல் விழுந்தது. 1954-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பீல், வில்ட்டர் இருவரும், ஐசோநியாசிட் உண்பவர்களின் சிறுநீரில் பி6 மிகுதியாக வெளியேறுவதையும், பி6-இன் ஒரு வடிவமான பைரிடாக்சினைச் சேர்த்துக் கொடுத்தால் நரம்பழற்சி தடுக்கப்படுவதையும் காட்டினர். மருந்து இந்த வைட்டமினோடு நேரடியாகப் பிணைந்து அதைப் பயனற்றதாக்குகிறது. வைட்டமினைச் செயல்வடிவுக்கு மாற்றும் நொதியையும் தடுக்கிறது.

இதன் அடுத்த கட்டம் சென்னையில் நிகழ்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. 193 நோயாளிகளைக் கொண்டு, வீட்டிலிருந்தே மருந்து உண்பது சானடோரியத்தில் படுத்திருப்பதற்கு ஈடானது என்று 1959-இல் நிறுவியதற்காகவே அம்மையம் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதன் நரம்பழற்சி ஆய்வுகள் அந்தப் புகழில் மறைந்துபோயின. என் கருத்தில் அவை எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. வீட்டில் இருக்கும் நோயாளி மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று அறிய, மையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். இவ்வளவு நெருக்கமாகக் கவனிக்கப்படும் ஒருவரின் பாத எரிச்சல் ‘ஏதோ உடம்பு வலி’ என்று தள்ளப்பட வழியில்லை. எரிச்சல் யாருக்கு வந்தது என்பதும் இதனால் தெளிவாயிற்று: அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு, அவர்களிலும் மருந்தை மெதுவாகச் சிதைக்கும் மரபியல்பு கொண்டவர்களுக்கு. 1963-இல் வெளியான இரு ஆய்வுகள் மேலும் சென்றன. பைரிடாக்சின் கலந்த வைட்டமின் தயாரிப்பு நரம்பழற்சியைத் தடுத்தது. பைரிடாக்சின் இல்லாதது தடுக்கவில்லை. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் என்ற சிற்றளவே தடுப்புக்குப் போதுமாயிருந்தது. எந்தச் சத்து, யாருக்கு, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சென்னை நோயாளிகள் ஏழைகள், அரைவயிறு உண்டவர்கள், அவர்களின் பி6 குறைவுக்கு வறுமையைத்தானே காரணம் சொல்ல வேண்டும்? வறுமை ஆபத்தைக் கூட்டியது என்பது மெய். ஊட்டம் குன்றியவர்கள், கருவுற்றோர், குடிப்பழக்கம் உள்ளோர், நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு ஐசோநியாசிட்டுடன் பைரிடாக்சின் தரவேண்டும் என்ற இன்றைய விதி அதை ஏற்கிறது. ஆனால் ஒரே ஊரில், ஒரே மாதிரி உணவு உண்ட நோயாளிகளிடையே மருந்தின் அளவுக்கேற்பத் தீங்கு கூடியதை வறுமையால் விளக்க முடியாது. வறுமை களத்தைத் தயாராக்கியது, அடித்தது மருந்து.

மெட்ஃபார்மினின் கதை வேறு. இது குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்று 1969-லேயே எழுதப்பட்டது; 1971-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மற்றோர் ஆய்வும் அதையே சொன்னது. பிறகு நீண்ட மந்தம். கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். ஆகவே இழப்பு மிக மெதுவாகவே தெரியும். அதைவிடப் பெரிய தடை, பி12 குறைவு தரும் பாத மதமதப்பும் எரிச்சலும் நீரிழிவே தரும் நரம்புக் கோளாற்றை அச்சாக ஒத்திருப்பது. நோயாளி ‘கால் மரத்துப்போகுது டாக்டர்’ என்றால், ‘சர்க்கரை கூடியிருக்கும்’ என்ற பதில் ஆயத்தமாக இருந்தது. மருந்து செய்த தவறு நோயின் கணக்கில் எழுதப்பட்டது. இந்தத் திரையை விலக்கியதும் திட்டமிட்ட ஒப்பீடுதான்: நெதர்லாந்தில் இன்சுலின் எடுத்துக்கொள்ளும் 390 பேரை மெட்ஃபார்மின், போலி மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்து 4.3 ஆண்டுகள் கவனித்தனர். மெட்ஃபார்மின் குழுவில் பி12 அளவு 19 விழுக்காடு குறைந்தது என்று 2010-இல் அறிவித்தனர்.

இரத்தத்தில் ஓர் எண் குறைந்தால் நோயாகிவிடுமா என்பது அடுத்த மறுப்பு, நியாயமானதும்கூட. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் கோஎன்சைம் க்யூ10 என்ற பொருளின் இரத்த அளவைக் குறைக்கின்றன. ஆயினும் அப்பொருளை மாத்திரையாகக் கொடுத்து, ஸ்டாட்டின் உண்போருக்கு வரும் தசைவலியைத் தீர்க்க முயன்ற ஆய்வுகள் ஒருமித்த பலனைக் காட்டவில்லை. எண்ணை மட்டும் வைத்துச் சத்து மாத்திரை விற்போருக்கு இது சங்கடமான செய்தி. பி12 விஷயத்தில் நிலை அப்படியில்லை. திசுக்களில் பி12 போதாதபோது உயரும் மெத்தில்மலோனிக் அமிலம் மெட்ஃபார்மின் உண்டவர்களிடம் கூடியிருந்ததையும், அந்தக் கூடுதலோடு நரம்புக் கோளாறு தொடர்புற்றிருந்ததையும் அதே நெதர்லாந்து ஆய்வின் தரவுகள் பின்னர் காட்டின.

அப்படியானால் எல்லா மருந்துக்கும் ஒரு வைட்டமினைத் துணைக்கு அனுப்பிவிடலாமே? சென்னை ஆய்வு அளவைத் தேடியதன் அருமை இங்கேதான் புலப்படுகிறது. 1983-இல் ஷாம்பர்க் குழுவினர், பைரிடாக்சினை நாள்தோறும் 2 முதல் 6 கிராம் வரை விழுங்கிய ஏழு பேருக்குக் கடும் நரம்புச் சேதம் ஏற்பட்டதை விவரித்தனர். குறைந்தாலும் கூடினாலும் அதே நரம்பையே தாக்கும் வைட்டமின் அது. கணக்கின்றிக் கொடுப்பது தீர்வாகாது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2017 முதலும், பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022-லும், மெட்ஃபார்மின் உண்போரின் பி12 அளவைச் சோதிக்குமாறு அறிவுறுத்தின. பி12 இயற்கையில் விலங்குணவில் மட்டுமே போதிய அளவு கிடைப்பது. பாலும் அரிதாகவே சேரும் சைவ உணவுக்காரர் சிறிய சேமிப்போடுதான் இம்மருந்தைத் தொடங்குகிறார். அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. அது மலிவான, நன்மை மிக்க மருந்து. ஆண்டுக்கணக்கில் அதை உண்பவர் கால் மதமதப்பு என்று வந்தால், சர்க்கரையின்மேல் பழியைப் போடுமுன் ஒருமுறை பி12 சோதனை எழுதிக் கொடுங்கள் என்பதே மருத்துவர்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கை.