அசையாத நாய்

வலி தெரியாமல் செய்வது ஒன்று. அசையாமல் செய்வது வேறு. இன்று மிருக வைத்தியம் படிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். இந்தப் பாடத்துக்குக் கூலி கொடுத்தவை நாய்கள்.

நம் ஊர் எட்டிமரத்தின் இனத்தைச் சேர்ந்த கொடி ஒன்று தென் அமெரிக்காவில் கயானாக் காடுகளில் வளர்கிறது. அதன் பட்டையைக் காய்ச்சி எடுக்கும் கறுத்த குழம்புக்குக் குராரே என்று பெயர். அங்குள்ள பூர்வகுடிகள் அதை அம்பு முனையில் தடவி வேட்டையாடுவார்கள். அடிபட்ட பிராணி துள்ளாது, கத்தாது. கால் துவண்டு விழுந்து மூச்சு அடங்கிவிடும்.

1814-இல் சார்லஸ் வாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் லண்டனில் இதை ஒரு பெண் கழுதைக்குச் செலுத்திப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் அது செத்ததுபோல் விழுந்தது. மூச்சுக்குழாயைக் கீறித் துருத்தியால் மணிக்கணக்கில் காற்று ஊதினார்கள். கழுதை பிழைத்து எழுந்து, 1839 வரை உயிரோடு இருந்தது.

இதைக் கேட்டால் கழுதை நன்றாகத் தூங்கி எழுந்தது என்றுதானே தோன்றுகிறது? ஆய்வுக்கூடங்களுக்கும் அந்த எண்ணம் சௌகரியமாக இருந்தது. குராரே ஏற்றிய நாய் திமிறாது, ஊளையிடாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள் அல்லவா?

உண்மையைக் கண்டு சொன்னவர் பாரிஸ் நகரத்து கிளோத் பெர்னார். நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் குராரே தடுக்கிறது. உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளை அது தொடுவதில்லை. பிணம்போல் கிடக்கும் உடலுக்குள் உணர்வும் அறிவும் விழித்திருக்கின்றன என்று அவரே 1864-இல் எழுதினார். எழுதிய பிறகும் நாய்கள்மேல் குராரே ஏற்றுவது நிற்கவில்லை.

1876-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் மிருகவதைச் சட்டம் ஒன்று இயற்றியது. குராரேயை மயக்க மருந்தாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. சட்டப் புத்தகங்களில் நான் கருணையைத் தேடிப் போகிறவன் அல்லன். ஆனால் அந்த ஒரு வரியில் அது இருக்கிறது.

அப்படியும் மனித வைத்தியத்தில் சந்தேகம் தீரவில்லை. கடைசியில் அமெரிக்க டாக்டர் ஸ்காட் ஸ்மித், வேறு மயக்க மருந்து இல்லாமல், முழு அளவு குராரேயைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். கண் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. நினைவு தெளிவாக இருந்தது, வலியும் தெரிந்தது. அது 1947-இல் பிரசுரமாயிற்று. நாய்களால் சொல்ல முடியாததைச் சொல்ல, சட்டம் வந்தபின்னும் எழுபது வருஷம் கழித்து ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

குராரே வழியில் பிறந்த மருந்துகள் இன்றும் நாய்களின் ரண சிகிச்சையில் பயன்படுகின்றன. ஆனால் முதலில் நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்கு வழி செய்த பிறகுதான் அவற்றைக் கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகு நாய் அசைகிறதா என்று பார்த்துப் பயன் இல்லை. வைத்தியர் அதன் நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வலி இருந்தால் அவைதான் சொல்ல வேண்டும்.