எந்தத் திருமேனிக்கு எந்தத் தைலம்?

முதல்லயே ஒரு பாவமன்னிப்பு கேட்டுக்கறேன். என் பொண்ணு முகத்தைக் கெடுத்தது வேற யாரும் இல்லை, நான்தான்.

அவளுக்குப் பதினாறு வயசு. நெத்தியிலயும் கன்னத்துலயும் பரு. "இதுக்கெல்லாம் டாக்டர் எதுக்கு, எங்க பாட்டி வைத்தியம் இருக்கே"ன்னு வீறாப்பா ஆரம்பிச்சேன். செக்குல ஆட்டின தேங்காயெண்ணெய். தினம் ராத்திரி முகத்துல நல்லா தடவி, அப்படியே படுக்க வெச்சுடுவேன். ரெண்டு மாசம் ஆச்சு. பரு குறையலை, பழுக்க ஆரம்பிச்சுது. பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுக்கற அன்னிக்கு, வயித்து வலின்னு சொல்லிட்டு போகவே இல்லை. ராத்திரி விளக்கை அணைச்சப்புறம் விசும்பற சத்தம் கேட்டுது. அப்பதான் எனக்கு உறைச்சுது.

தில்லை நகர்ல ஒரு தோல் டாக்டரம்மா. பார்த்த உடனே "எண்ணெயை நிறுத்துங்க"ன்னாங்க. நான் விடுவேனா? "எங்க பாட்டி காலத்துலேர்ந்து வர்ற வழக்கம் டாக்டர்"னேன். அவங்க எழுதிக்கிட்டே, "சரி, உங்க பாட்டி உங்களுக்கு இப்படித்தான் பண்ணினாங்களா?"ன்னு கேட்டாங்க.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரலை. யோசிச்சுப் பார்த்தா எனக்கு ஞாபகமே இல்லை!

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டுத்தான் அடுத்த வாரம் ஸ்ரீரங்கம் போனேன், அம்மாவைப் பார்க்க. ஆனி மாசம், கேட்டை நட்சத்திரம். கோயில்ல ஜ்யேஷ்டாபிஷேகம்.

தெரியாதவங்களுக்காகச் சின்னதா சொல்லிடறேன். அன்னிக்குக் காவேரியில அம்மா மண்டபத்துலேர்ந்து தங்கக் குடத்துல தண்ணி எடுத்து, யானை மேல வெச்சுக் கொண்டு வருவாங்க. உற்சவர் நம்பெருமாளோட தங்கக் கவசத்தைக் களைஞ்சு, சுத்தம் பண்ணி, செப்பனிட்டு, திரும்பச் சாத்துவாங்க. அவருக்குத் திருமஞ்சனம் நடக்கும். ஆனா உள்ளே கருவறையில சயனிச்சிருக்கற பெரிய பெருமாளுக்கு அந்தத் தண்ணி ஒரு சொட்டு கூடக் கிடையாது! அவருக்குத் தைலக்காப்புதான். வாசனைப் பொருளும் மூலிகையும் சேர்த்துப் பக்குவம் பண்ணின தைலத்தைத் திருமேனி முழுக்கச் சாத்துவாங்க. அது உலர்ற வரைக்கும், ஏறக்குறைய ஒன்றரை மாசம், திருமுகம் மட்டும்தான் சேவை. திருவடி சேவிக்க முடியாது.

ஏன் இந்தப் பாரபட்சம்? நம்பெருமாள் உலோகத் திருமேனி. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. தண்ணி பட்டா ஊறிப் பொரிஞ்சிடும். எண்ணெய் பட்டா இறுகி, பளபளன்னு நிக்கும். ஒரே கோயில், ஒரே பெருமாள், ரெண்டு மேனி, ரெண்டு பராமரிப்பு.

இந்தக் கணக்கு மத்த ஊர்லயும் இருக்கு. திருவனந்தபுரத்துல அனந்தபத்மநாபன் கடுசர்க்கரை யோகத்துல ஆனவர், அவருக்கும் மூலவர் திருமேனியில அபிஷேகம் கிடையாது. காஞ்சிபுரத்துல அத்திவரதர் மரம். அவர் அனந்தசரஸ் குளத்துத் தண்ணிக்குள்ளேயே இருப்பார், நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வருவார் (1979-ல வந்தார், அப்புறம் 2019-ல). அழகர்கோயில்ல அழகருக்கு நூபுர கங்கைத் தண்ணிதான் ஆகும், வேற தண்ணியில திருமஞ்சனம் பண்ணினா திருமேனி கறுத்துடும்னு நம்பிக்கை. அவருக்கும் ஐப்பசியில தைலக்காப்பு உற்சவம் உண்டு. இன்னிக்கு விளம்பரத்துல சொல்ற 'சென்சிடிவ் ஸ்கின்' அழகருக்கு அப்பவே இருந்திருக்கு பாருங்க :-)

கருவறை வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கு இதுதான் ஓடிச்சு. சாமிக்கே மேனியைப் பார்த்துத்தான் தைலம். நான் என்ன பண்ணினேன்? முகத்தைப் பார்க்காம பாட்டிலை மட்டும் பார்த்தேன்.

எள்ளுலேர்ந்து ஆரம்பிப்போம்

எண்ணெய்ங்கற வார்த்தையே எள் + நெய்தான். வடமொழியில தைலம்னா திலத்துலேர்ந்து வந்தது, திலம்னாலும் எள்ளுதான். ரெண்டு மொழியிலயும் எல்லா எண்ணெய்க்கும் எள்தான் பேர் குடுத்திருக்கு. ஹரப்பாவுலயே கருகின எள் கிடைச்சிருக்கு. 'நல்ல' எண்ணெய்னு நாம அடைமொழி குடுத்ததும் அதுக்கு மட்டும்தான். சோழர் கல்வெட்டுல எண்ணெய் வாணிகம் பண்ணினவங்களைச் சங்கரப்பாடியார்னு சொல்லியிருக்கு. கோயில் விளக்குக்கு எண்ணெய் அளந்தவங்க அவங்கதான்.

ஆனா நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்னு இருந்தாங்களா? இல்லவே இல்லை. காஞ்சிபுரம் பக்கத்துல, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடற இடத்துல திருமுக்கூடல் கோயில் இருக்கு. 11ம் நூற்றாண்டுல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு அங்க. வீரசோழன் ஆதுலசாலைங்கற ஆஸ்பத்திரியைப் பத்தினது. பதினஞ்சு படுக்கை, ஒரு வைத்தியர், ரண சிகிச்சைக்கு ஒருத்தர், மருந்துக்குப் பச்சிலை பறிச்சுட்டு வர ஆள், கவனிச்சுக்கப் பெண்கள்னு எல்லாம் கணக்கா எழுதியிருக்கு. கூடவே, இருப்புல வெச்சிருக்க வேண்டிய சுமார் இருபது மருந்தோட பட்டியல். அதுல தைலம் மட்டுமே பல வகை. ஆமணக்கெண்ணெய் சேர்ந்தது தனி, பூண்டு சேர்ந்தது தனி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி கல்லுல வெட்டின மருந்துக் கணக்குலயே இத்தனை வித்தியாசம். நம்ம கடை பாட்டில்ல "எல்லாச் சருமத்துக்கும் ஏற்றது"ன்னு போட்டிருக்கும்!

ஸ்ரீரங்கத்துலயும் ஒரு ஆரோக்கியசாலை இருந்துது. 13ம் நூற்றாண்டுல, ஹொய்சளர் காலத்துல ஏற்பட்டது. இடையில சிதைஞ்சு போனதைக் கருடவாகன பட்டர் புதுப்பிச்சு, தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளப் பண்ணினதா 1493-ம் வருஷக் கல்வெட்டு இருக்கு. தன்வந்திரி சந்நிதி இன்னிக்கும் இருக்கு, போனா சேவிச்சுட்டு வாங்க.

எண்ணெய் ஒரு பாதிதான், அதை எடுக்கறது இன்னொரு பாதி. சிலப்பதிகாரத்துல கடலாடு காதையில மாதவி குளிக்கறதை இளங்கோ சொல்லுவார். பத்து வகைத் துவர், அஞ்சு வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறின தண்ணி. துவர்னா துவர்ப்புச் சரக்கு. வாசனை நெய் பூசினதுக்கு அப்புறம் இப்படி ஊறின தண்ணியில அலசி, புகை காட்டி ஆத்தணும். பூசறதோட கதை முடியலை.

ஈரங்கொல்லியின் மூக்கு

ஸ்ரீரங்கத்துக்கு வந்துட்டு இந்தக் கதையைச் சொல்லாம போக முடியாது.

1323. தில்லிப் படை வருது. பெரிய பெருமாளுக்கு முன்னாடி கல்திரை எழுப்பி மறைச்சுட்டு, பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கிட்டுக் கிளம்பறார். அவர் வழியிலேயே, மதுரை பக்கம் ஜ்யோதிஷ்குடியில பரமபதிச்சுட்டார். பெருமாள் மலைநாடு, கர்நாடகம், திருமலைன்னு சுத்திட்டு, 1371-ல கோபணாரோட திரும்பி வர்றார். நாப்பத்தெட்டு வருஷம்! அதுக்குள்ள இங்க வேற ஒரு உற்சவரைப் பிரதிஷ்டை பண்ணிட்டாங்க. எது பழைய திருமேனின்னு சொல்ல ஊர்ல ஆளில்லை.

தொண்ணூறு வயசு தாண்டின ஒரு ஈரங்கொல்லி மட்டும் பாக்கி. பெருமாளோட வஸ்திரம் வெளுத்தவர். கண்ணு போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் திருமஞ்சனம் பண்ணி, ஈரவாடைத் தீர்த்தத்தைக் குடுங்க, நான் சொல்லிடறேன்னார். ஒண்ணை வாங்கினார், பேசலை. இன்னொண்ணை வாங்கின உடனே, பழைய கஸ்தூரி வாசனை தெரிஞ்சு, இவரே நம் பெருமாள்னு கூவிட்டார். அந்தப் பேரே நிலைச்சுதுன்னு கோயிலொழுகு சொல்லுது. இன்னொருத்தர் திருவரங்க மாளிகையார்ங்கற பேரோட கோயில்லயே இருக்கார்.

சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதைதான். இந்தத் தடவை வேற மாதிரி குத்திச்சு. நாப்பத்தெட்டு வருஷம் ஆகியும் அந்தக் கிழவர் மூக்கு ஏமாறலை. முப்பது வருஷத்துல என் ஞாபகம் ஏமாந்து போச்சு.

ஆமா, ஏமாந்துதான் போச்சு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட டாக்டர் கேட்ட கேள்வியைக் கேட்டேன். அம்மா சிரிச்சுட்டா. "உன் மூஞ்சியில பாட்டி எண்ணெயே தொட்டதில்லையேடி! உனக்கும் அந்த வயசுல பரு. பாட்டி உச்சந்தலையில மட்டும் வெச்சு, நெத்திக்கு வழியாம துணியைக் கட்டிவிடுவா. மறந்துட்டியா?"

கொஞ்சம் கொசுவர்த்தி

அம்மா சொல்லச் சொல்ல சுருள் சுத்த ஆரம்பிச்சுது. உத்தர வீதி வீடு. வெள்ளிக்கிழமை. பின்கட்டுல வெந்நீர்த் தவலை. நல்லெண்ணெய்ல நாலு மிளகும் துளி சீரகமும் போட்டுக் காய்ச்சின வாசனை. அம்மாவுக்கு வறண்ட தேகம், பனி நாள்ல முழங்கை காலெல்லாம் வெள்ளையா பொரியும். அதனால பாட்டி அவளுக்கு உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்ச்சு ஊற வைப்பா. தாத்தாவோட பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய். தம்பி பிறந்தப்போ தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய். சளி பிடிச்சா யாருக்கும் கிடையாது. எனக்கு? முகத்துக்குப் பயத்தமாவு, அவ்வளவுதான்.

இன்னொண்ணும் ஞாபகம் வந்துது. யாருக்குமே எண்ணெய் ராத்திரி பூரா முகத்துல தங்கினதில்லை. ஒரு நாழி, ஒன்றரை நாழி. அப்புறம் சீயக்காய், பயத்தமாவு, கிச்சிலிக்கிழங்கு போட்டு உருட்டித் தேய்ச்சு எடுத்துடுவா. பாட்டி வைத்தியம்னு நான் பண்ணினது பாட்டி பண்ணாத வைத்தியம்!

இப்போ என்ன சொல்றாங்க?

வறண்டது, எண்ணெய்ப்பசை, சாதான்னு சருமத்தைப் பிரிச்சு வியாபாரத்துக்குக் கொண்டு வந்த பெருமையை ஹெலினா ரூபின்ஸ்டீன் அம்மாவுக்குத்தான் குடுக்கறாங்க. 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல மெல்போர்ன்ல கடை போட்டவங்க. நம்ம வைத்தியர்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே வாதம், பித்தம், கபம்னு பிரிச்சாச்சு. வாத உடம்பு வறளும், அதுக்கு நல்லெண்ணெய். பித்தம் சூடு, அதுக்குத் தேங்காயெண்ணெயும் சந்தனமும். கபத்துக்கு எண்ணெயே குறைச்சல்.

1972-ல கிளிக்மன், மில்ஸ்னு ரெண்டு தோல் டாக்டர்கள், அழகு சாதனத்தால வர்ற பருவைப் பத்தி எழுதினாங்க. முயல் காதுல தடவிப் பார்த்து, எது தோல் துவாரத்தை அடைக்குதுன்னு சோதிச்சாங்க. அப்படிச் சோதிச்சுப் போட்ட பட்டியல்கள்ல தேங்காயெண்ணெய் மேல இருக்கும். முயல் காது மனுஷத் தோலைவிட ரொம்பச் சட்டுனு அடைச்சுக்கும்னு பின்னாடி சொன்னாங்க, அதனால அந்தப் பட்டியல் வேதவாக்கு இல்லை. ஆனா பரு வர்ற முகத்துல அது வேண்டாம்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. அதே தேங்காயெண்ணெயை 2004-ல பிலிப்பைன்ஸ்ல வறண்ட கால் தோலுக்குத் தடவிப் பார்த்தாங்க, நல்லா ஈரம் காத்துது. எண்ணெய் மேல தப்பில்லை, இடம்தான் தப்பு. 2013-ல இங்கிலாந்துல ஆலிவ் எண்ணெயைச் சோதிச்சப்போ அது தோலோட மேல்தடுப்பைப் பலவீனப்படுத்திச்சு, சூரியகாந்தி அப்படிப் பண்ணலை. விலைக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லைன்னு தெரிஞ்சுக்கலாம்.

நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான். வறண்ட முகமா, குளிக்கறதுக்கு முன்னாடி நல்லெண்ணெயோ பாதாம் எண்ணெயோ, தடவி எடுத்துடுங்க. எண்ணெய் வழியற முகமா, தலையோட நிறுத்துங்க. சட்டுனு சிவக்கற தோலா, எதுவானாலும் முழங்கை உள்பக்கம் துளி தடவி ரெண்டு நாள் பாருங்க. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் எதையும் தடவிக்கிட்டுத் திருச்சி வெயில்ல போகாதீங்க, வெந்துடும்.

பொண்ணுக்கு டாக்டரம்மா குடுத்த களிம்பு போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. பரு அடங்கிடுச்சு. இடது கன்னத்துல ரெண்டு தழும்பு மட்டும் பாக்கி. அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்குச் சுருக்குங்குது. போன சனிக்கிழமை, "அம்மா, தலைக்கு மட்டும் வெச்சு விடறியா?"ன்னு அவளே வந்து உட்கார்ந்தா. நெத்தியில துணியைக் கட்டிவிட்டுத்தான் தொட்டேன்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்கு எந்த எண்ணெய் வெச்சாங்க, யாருக்கு வைக்கலைன்னு, அவங்க இருக்கும்போதே ஒரு தடவை கேட்டு வெச்சுக்கோங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பரு பழுத்தா பாட்டிக்கும் கூகிளுக்கும் முன்னாடி தோல் டாக்டர்கிட்ட போங்க.