சுற்றுவழிக் கோட்டையும் அதில் ஆடிய ஆட்டங்களும்

அபிமன்யு சக்கரவியூகத்தினுட் புகுந்த கதையை அறியாத இந்து இளைஞன் இரான். ஹளேபீடு ஹொய்சளேசுவரர் ஆலயத்துச் சிற்பிகள் 12ஆம் நூற்றாண்டிலே அவ்வியூகத்தைச் சுருண்டு செல்லும் வழியாகவே செதுக்கி வைத்தனர். வீரனொருவனின் உயிரைக் குடித்த அவ்வடிவம், மேலைத் தேசங்களிலே பிள்ளைகள் ஓடியாடும் களமாக இருந்ததென்பது நம்மிற் பலர் கேளாத செய்தியாகும்.

கி.மு. 1200ஆம் ஆண்டளவில், கிரேக்க நாட்டுப் பைலொஸ் அரண்மனையிலே கணக்கெழுதிய ஒருவன் களிமண் ஏட்டின் பின்புறத்தில் இவ்வடிவத்தைக் கீறியிருக்கிறான். வேலைக்கு நடுவே பொழுதுபோக்காகக் கீறினான் போலும்! பின்னர் ரோமர், உயர்குடிச் சிறுவரைக் குதிரைமேல் ஏற்றி வளைந்து வளைந்து ஓடச் செய்யும் 'திரோய் ஆட்டம்' ஒன்றை நடத்தினர். வெர்ஜில் தம் காவியத்தின் 5ஆம் பகுதியில் அதனைக் கிரேத்தாத் தீவின் சுற்றுவழிக்கு ஒப்பிடுகின்றார். அகுஸ்தஸ் சக்கரவர்த்திக்கு அது மிகப் பிரியமான ஆட்டம். ஆயினும் பொல்லியோ என்னும் நாவலரின் பேரன் விழுந்து கால் முறிந்தபோது, அவர் சபையிலே சினந்து பேசினார், ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஏழைச் சிறுவருக்குக் குதிரை ஏது? சிறு துண்டு நிலத்தில் பல மைல் நடையை அடக்கும் வழிகள் வயல்வெளியிற் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இருந்தன என்று பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதியுள்ளார்.

பிரான்சு தேசத்து ஓசேர் பேராலயத்தில் நடந்தது இதனினும் விநோதம். உயிர்த்த ஞாயிறு விழாவிலே, தரையிற் பதித்த சுற்றுவழியின்மேல் குருமார் கைகோத்து ஆட, தலைமைக் குரு பாடலுக்கு இசைய அவர்களுக்குப் பந்தெறிவார். 1538இல் அது தடைசெய்யப்பட்டது.

இவ்வழிகளிற் கிளைவழி இல்லை. ஆதலால் வழிதவறுவதற்கும் இடமில்லை. அப்படியாயின் போட்டி எங்கே என்று கேட்கலாம். இங்கிலாந்தின் சப்ரன் வால்டன் ஊர்ப் பொதுவெளியிற் புல்லைச் செதுக்கிய சுற்றுவழி அதற்கு விடை கூறும். 1699இல் ஊர்ச்சங்கம் அதை வெட்டுவித்தற்கு 15 சிலிங் கொடுத்தது. 17 சுற்று, ஏறத்தாழ ஒரு மைல் ஓட்டம். நடுவிலே கன்னிப்பெண் ஒருத்தி நிற்பாள். கால் இடறாது விரைவில் அவளை அடைபவனே வீரன். பந்தயப் பொருள் 'பியர்' மதுவாம். அதை மட்டும் நம் இளைஞர் பின்பற்ற வேண்டாம்! பின்லாந்தில் கடலோரக் கல்வட்டங்களிலும் இதே ஆட்டம் 'கன்னி நடனம்' என்னும் பெயரால் நிகழ்ந்தது. நம் கிளித்தட்டிலே கோட்டைக் காத்து எதிரணி நிற்கும். இவற்றிலோ வளைவுகளே எதிரணி.

புல்லிற் செதுக்கிய வழிக்கு ஒரு குறை உண்டு. சில ஆண்டுகள் ஒருவரும் ஓடாமலும் வெட்டாமலும் விட்டால், புல் மூடி அது மறைந்துபோகும். இங்கிலாந்தில் ஊர்தோறும் இருந்தவற்றுட் பல அவ்வாறே அழிந்தன. போட்டன் கிறீன் சந்தைவெளியிலிருந்ததை, முதலாம் உலகப் போரின்போது பதுங்குகுழி பழகிய போர்வீரர் தோண்டிவிட்டனர். இன்று எஞ்சியவை எட்டே. சப்ரன் வால்டன் மக்களோ தலைமுறைதோறும் தங்கள் வழியைத் திருத்தி, 1911இற் செங்கல்லும் பதித்தனர். இன்றும் அங்கே பிள்ளைகள் அதில் ஓடுகின்றனர்.